குளத்துப் பச்சையின் புரதம்

போர்நிறுத்தக் காலத்தில் நான் பல்கலைக்கழகக் கம்பஸில் இறுதியாண்டு. ஆய்வுக்கு மற்றவர்கள் முருங்கையிலை, வல்லாரை என்று எடுத்தபோது, நான் புளியங்கூடலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்தின் பச்சைத் தண்ணீரை எடுத்தேன். அந்தப் பச்சை, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசி. அதன் புரதம், உடலின் உயிர்க்கலங்களைக் கெடுக்கும் ஒட்சியேற்றத்தைத் தடுக்குமா என்பதே என் கேள்வி.

"ஊத்தைத் தண்ணியில என்ன கிடக்கு? வல்லாரையைச் செய்யும்," என்றார் மேற்பார்வை விரிவுரையாளர்.

"அதை எல்லாரும் செய்துபோட்டினம், சேர்."

முதல் சோதனையில், பாசியிலிருந்து எடுத்த சாற்றைச் சேர்த்ததும் சோதனைக்கான ஊதாக் கரைசல் மஞ்சளானது. ஒட்சியேற்றத்தை எதிர்க்கும் பொருள் இருந்தால்தான் அப்படி மாறும். நான் துள்ளிக் குதிக்காத குறை. அவரோ, "உது பச்சை நிறப்பொருளின்ர வேலை. புரதமெண்டு எப்பிடிச் சொல்லுவீர்?" என்றார்.

கோபம் வந்தது. அவர் கேட்டது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது. நிறத்தைக் கழுவி அகற்றிவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் புதிய பாசி வேண்டும்.

குளத்துத் தண்ணீரை இரண்டு போத்தல்களில் நிரப்பிக்கொண்டு கம்பஸுக்குப் பஸ் ஏறினேன். சோதனைச்சாவடியில் நின்ற சிப்பாய் மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு நிலத்தில் ஊற்றினான். அடுத்த நாளும் ஊற்றினான். மூன்றாம் நாள் போத்தல்களை அவனிடம் கொடுக்கவில்லை; பஸ் போன பிறகும் நான் போகவில்லை. போத்தல்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரக் கல்லில் இருந்தேன்.

"போ, போ," என்றான்.

"ஏலாது. பெரியவரைக் கூப்பிடும்."

மத்தியானம்தான் அதிகாரி வந்தார். ஓரளவு தமிழ் தெரிந்தவர். நான் நீட்டிய கம்பஸ் கடிதத்தை இரண்டு தரம் பார்த்தார்.

"இது குடிக்கிறதா?"

"இல்லை. படிக்கிறது."

போத்தல்களுடன் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அசெற்றோன் என்ற கரைப்பானில் கழுவக் கழுவப் பச்சை போய்ப் பாசி வெளிறிய மாவாயிற்று. அதிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தை ஊதாக் கரைசலில் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சோதனைக் குழாயைப் பார்த்தபடியே இருந்தேன். அரை மணித்தியாலத்தில் ஊதா மெல்ல மெல்ல வெளுத்து மஞ்சளுக்கு வந்தது. முதல் முறையை விடப் பலவீனம்தான். ஆனால் இது புரதத்தின் வேலை.

விரிவுரையாளர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "திரும்ப ஒருக்காச் செய்யும்."

"மூண்டு தரம் செய்திட்டன், சேர்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு என் ஆய்வுக் குறிப்புக் கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். "சரி, புரதமெண்டே எழுதும்," என்றார். நான் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன்.