நீல டிரம்மும் ஆறுமணிக்குருவியும்

கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஆறுமணிக்குருவியின் பச்சை முதுகு, சந்தன நிற வயிறு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. அதே துல்லியத்தோடு பின்னால் எங்கள் நீல நிறத் தண்ணீர் டிரம்மும் விழுந்திருந்தது. டிரம்மை ஒட்டிக் கிழிந்த ஷாம்பு பாக்கெட் ஒன்று. குருவியின் காலடியில், கரித்தூசு படிந்து கறுத்துப்போன பாதாம் இலைக் குவியல். இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன?

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில். கன்டெய்னர் லாரி போனால் ஜன்னல் கம்பி நடுங்கும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் தரை, ஒரு நாட்டுப் பாதாம் மரம், துணி துவைக்கும் கல். அவ்வளவுதான். அங்கே ஆறுமணிக்குருவி இறங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வடக்கே மலையடிவாரத்திலிருந்து கிளம்பித் தெற்கே போகும் வழியில், இந்த ஐப்பசி மாதத்தில், பறந்து களைத்துப்போய் ஊருக்குள் இறங்கும் என்று படித்திருக்கிறேன். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சீழ்க்கை அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். அன்று காலை அந்தச் சீழ்க்கை கேட்டுத்தான் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷோடு பின்னால் ஓடினேன். லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் குருவி டிரம்முக்குப் பின்னால் நுழைந்துகொண்டது. சத்தம் அடங்கியதும் வெளியே வந்து இலைகளைப் புரட்டியது.

பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். போன மாதம் எங்கள் மதில்மேல் உட்கார்ந்த செண்பகப் பறவையைப் படமெடுத்துப் போட்டேன். "படம் நல்லா இருக்கு. பின்னாடி குப்பை இல்லாத இடமா பாத்து எடுங்க" என்று ஒருவர் எழுதினார். யாரோ எங்கள் வீட்டு வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. அந்த வரி எனக்குள்ளேயே கிடந்திருக்க வேண்டும்.

குருவி அடுத்த வீட்டுப் பக்கம் தத்திப் போன நேரம் பார்த்து டிரம்மை உருட்டிக் குளியலறைச் சுவரோரம் தள்ளினேன். தென்னந்துடைப்பத்தை எடுத்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது? நான் தொண்ட கிழிய கத்துனா ஒரு நாளு தொடப்பத்த தொட்டிருப்பியா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அத்தைக்கும் கேட்டுவிட்டது. "இன்னாம்மே, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"குருவி வந்துகீது அத்த."

"குருவிக்கா பெருக்கற? கடலுக்குப் போயி எங்க வூட்டுக்காரு பத்து நாளு கயிச்சி வந்தப்பகூட நான் பெருக்கல!"

மூவரும் சிரித்தோம். இலைகளைச் சாக்கில் அமுக்கி, தெருமுனையில் நின்ற மாநகராட்சிக் குப்பை வண்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். சுத்தமான ஈர மண்ணும் மரத்தின் வேரும் மட்டும் மிச்சம். சாயங்காலம் குருவி வந்து அந்த வேர்மேல் நின்றது. பின்னால் மதில் பாசியின் மங்கலான பச்சை. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

குழுவில் போட்டதும் இதயங்களாகக் கொட்டின. "எந்தக் காடு?" என்று ஒருவர் கேட்டார். திருவொற்றியூர் என்று தட்டினேன், பிறகு அழித்தேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் காலை எல்லாப் படங்களையும் கணினியில் ஏற்றி வரிசையாகப் பார்த்தேன். முதல் நாள் காலைப் படங்களில் அலகில் ஏதாவது இருந்தது: ஒரு புழு, ஒரு கரப்பான் குஞ்சு, வாயிலிருந்து தொங்கும் மரவட்டை. சாயங்காலப் படங்களில் அலகு காலி. ஒன்றில் வெறும் மண்ணைக் கொத்துகிறது. இன்னொன்றில் கொத்திய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் அழகு என்று நினைத்துப் போட்ட படத்தில் அது சாப்பாட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிர், இன்னும் தூரம் போகவேண்டிய உயிர். அதன் சோற்றைச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றியவள் நான்.

பின்னால் ஓடினேன். துவைக்கும் கல்லோரம் குருவி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. மதிலில் தொற்றிக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டேன்.

"அத்த, உங்க வூட்டாண்ட கீற எலக் குப்பைய கொஞ்சம் குடுங்க."

"இன்னாது? நேத்து உங்க வூட்டு குப்பைய மூட்ட கட்டி அனுப்பிட்டு, இன்னிக்கி எங்க வூட்டு குப்பைய கேக்குறியா? காலேஜில இதான் சொல்லித் தராங்களா?"

திட்டிக்கொண்டே அன்னக்கூடை நிறைய அள்ளிக் கொடுத்தாள். நான் அப்போதாவது பொறுமையாக இருந்திருக்கலாம். எனக்கு எதிலும் அவசரம். கூடையை அப்படியே கவிழ்த்தேன். அந்தச் சத்தத்தில் குருவி எழும்பி, டிரம் இருந்த மூலைக்குப் போனது. அங்கே நுழைய எதுவும் இல்லை. வெட்ட வெளியில் திகைத்து நின்றதைப் பார்த்து மரத்திலிருந்து இரண்டு காக்கைகள் இறங்கின. அது மதிலைத் தாண்டிக் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கும் பக்கமாகப் போனது. காக்கைகளும் பின்னாலேயே போயின.

சாயங்காலம் ஆறு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். லாரி ஹாரன்தான் கேட்டது.

"போனா போவுது வுடு. அதுக்கு ரெக்க கீது இல்ல?" என்றாள் அம்மா. ஆறுதலுக்குத்தான் சொன்னாள். ரெக்கை இருந்தது. வயிற்றில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியுமே.

இப்போது மழை பிடித்துவிட்டது. அத்தை கொடுத்த இலைகள் ஊறி, ஓரத்தில் புழு நெளிய ஆரம்பித்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் ஆறுமணிக்குருவிகள் வடக்கே திரும்பும். அதுவரை அந்த இலைகளைக் கூட்டக்கூடாது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "கொசு வந்துச்சி, உன்னத்தான் அந்தக் குப்பையாண்ட பாய் போட்டு படுக்க வெப்பேன்" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

அந்தப் படத்துக்கு இன்னமும் இதயம் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறேன். நாளை காலை முதல் வேலை, டிரம்மைப் பழைய இடத்துக்கு உருட்டுவது. பிறகு அந்த முதல் படத்தை, டிரம், ஷாம்பு பாக்கெட், கறுத்த இலை எதையும் வெட்டாமல் குழுவில் போடுவது. "எந்தக் காடு?" என்று கேட்டவருக்கும் பதில் எழுத வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. துடைப்பத்தை எடுத்த இடத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.