டெஸ்ட் நாள் டிபன்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. இத்தனை வருடத்தில் ஒரு டெஸ்டில்கூட அவர் ஃபெயிலானதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை என்று என் நாத்தனார் சொல்லியிருக்கிறார்.

டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பே அவர் தயாராகிவிடுவார். டீக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். பாகற்காயை அவரே வாங்கி வருவார். காலையில் ஏரிக்கரையில் வேர்க்க விறுவிறுக்க நடப்பார். டெஸ்ட் முடிந்த அன்று மாலையே மேனாம்பேடு முனையில் மசால்வடை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். அது பாஸானதற்காக.

லேபில் வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. டிபனைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பெஞ்சில் சாப்பிட வேண்டும். வீட்டில் தினமும் என்ன சாப்பிடுவீர்களோ அதையே சாப்பிடுங்கள் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து எல்லோரும் இரண்டு இட்லியைச் சட்னி இல்லாமல் விழுங்குவார்கள். பிறகு எழுந்து தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள், சர்க்கரை இறங்குவதற்கு.

மூன்று மாதச் சர்க்கரையைச் சேர்த்துக் காட்டும் டெஸ்டையும் டாக்டர் ஒவ்வொரு முறையும் எழுதித்தான் கொடுப்பார். "அத்த அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்பார் இவர். அதற்கு மூன்று மாதம் படிக்க வேண்டும்.

எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் போன மழைக்காலத்தில் அவருடைய இடது கால் சுண்டுவிரலைச் செருப்பு கடித்தது. வாரக்கணக்கில் புண் ஆறவில்லை, ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. இவருடைய அண்ணனுக்கு இப்படி ஒரு புண்ணில் ஆரம்பித்துத்தான் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். டாக்டரிடம் சொன்னால் அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் நல்ல கன்ட்ரோல்ல இருக்கும்மா, களிம்பு போடுங்க, ஆறிடும்" என்று இரவு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வெளியே வந்ததும் இவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த டெஸ்டுக்கு, அவரைக் கேட்காமல் டிபனை நானே கட்டினேன். லேப் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தவர் உடனே மூடிவிட்டார். நெய் விட்ட பொங்கல், இரண்டு மெதுவடை, கெட்டிச் சட்னி. பிளாஸ்கில் சர்க்கரை போட்ட காபி.

"இன்னாடி இது? டெஸ்டுக்குப் போயி பொங்கல் கட்டிகினு வந்துகீற?"

"ஊட்ல இன்னா துன்றீங்களோ அதான்."

பக்கத்தில் ஓட்ஸ் கஞ்சியோடு உட்கார்ந்திருந்த அண்ணனூர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணாத்தே, அத்த துன்னாதே, மானம் பூடும்" என்றார். கண் மட்டும் வடையை விட்டு நகரவில்லை.

"எனக்குப் பயமா கீதுங்க. காலு கறுத்துகினே வருது. பேப்பர்ல மட்டும் நல்லா கீறீங்க" என்றேன். சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் பாதியில் அழுகை வந்துவிட்டதால் லேபில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டப்பாவை மறுபடியும் திறந்து சாப்பிட்டார். வடையில் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டதும் வழக்கம்போல நடக்க எழுந்தார். வாசலில் செருப்பைக் காணோம். அது ஒரு பிளாஸ்டிக் கவரில் என் பையில் இருந்தது. புண்ணோடு வெறுங்காலில் தெருவில் இறங்க முடியாமல் இரண்டு மணி நேரமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

முன்னூற்றுப் பதினெட்டு வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதற்கப்புறம்தான் காலைக் காட்டச் சொன்னார். நிறுத்திய மாத்திரை திரும்பி வந்தது, கூடவே இன்சுலினும் வந்தது. புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரல் தங்கியிருக்காது என்றார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் என்னோடு பேசவில்லை. மாட்டிவிட்டேனாம். நானும் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு நாள் கட்டு மாற்றுவதற்காக அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் புண்ணோட நல்லாதான் நடந்துகினு இருந்துச்சு. டெஸ்ட் எடுத்தாங்க, நானூறுன்னு வந்துச்சு. அடுத்த வாரமே காலை எடுத்துட்டாங்க. எனக்கு அந்த மாரி நம்பர் வந்துடக் கூடாதுன்னுதான்..."

அத்தனை பாகற்காய்க்கும் அத்தனை நடைக்கும் இதுதான் காரணம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மனுஷர் பயத்திலேயே பாஸாகிக்கொண்டிருந்திருக்கிறார். சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. விரலிடுக்கில் ஈரம் தங்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.