மாமி தைத்த கார் ஹூட்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். எந்த ‘ள’ எங்கே வரும் என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வரி நேராக ஆரம்பித்து, முடியும்போது கீழே சாய்ந்துவிடும். சமையலறையிலேயே பழகிய கை, பேனாவையும் கரண்டி மாதிரிதான் பிடிக்கிறது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

மாமியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவர் முகம் இல்லை. கறுப்புக் கான்வாஸ் துணியில் ஒரு கிழிசலும், அதன் வழியாகத் தெரிந்த டெல்லி வானமும்தான். கிட்வாய் நகரில் மாமிக்கு ஒதுக்கப்பட்ட அரசாங்க வீட்டின் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதில்தான் நான் இருந்தேன். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. மாமியின் வீட்டுக்காரர் இருந்தபோது எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காரை அவர், தூதரகத்தில் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கினார். அதற்கு இரும்புக் கூரை கிடையாது. கம்பி வளைவுகளின் மேல் இழுத்து மாட்டிய கான்வாஸ்தான் கூரை. வேண்டாத நேரத்தில் பின்னால் மடித்து வைத்துவிடலாம். அதை ஹூட் என்போம். வாங்கிய மூன்றாம் வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். மாமி அழுது முடித்து, ஆபீசுக்குப் போய், ஸ்டெனோ வேலையைப் பார்த்து, ஒரே பெண்ணைக் காலேஜ் வரை கொண்டுவந்தார். காரை விற்கவில்லை. தானே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

நம் ஜனங்களின் கல்யாணத்தில் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடுவார்கள், ஜானவாசம் என்று. டெல்லியில் திறந்த காருக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணம் என்றால் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மாமா வந்து நிற்பார். “மாமி, வண்டியக் கொஞ்சம் குடுத்து ஒதவணும்” என்பார். மாமி மறுத்ததே இல்லை. நான்தான் ஓட்டிப்போவேன். ஆனால் அந்த ஜானவாசம் எதற்கும் மாமி வந்ததில்லை. புருஷன் இல்லாதவள் மாப்பிள்ளைக்கு எதிரே வரக்கூடாது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பத்திரிகை வைப்பார்கள், சாப்பாட்டுக்கு வரச்சொல்வார்கள், காரை மட்டும் ஒருநாள் முன்னதாகவே அனுப்பச் சொல்வார்கள். மாமிக்கு ஆகாதது மாமியின் காருக்கு ஆகும்!

அந்த ஊர்வலங்களில்தான் ஹூட் பாழாயிற்று. பின்னால் மடித்துக் கிடக்கும் துணியின் மேல் பூச்சரத்தைப் பரப்பி, ஊக்கும் குண்டூசியும் குத்திவிடுவார்கள். சிலர் சின்ன ஆணிகூட. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரே மடிப்பில், ஒரே வரிசையில் ஓட்டைகள். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு மழைநாளில் மாமி ஹூட்டை இழுத்து மாட்டினபோது, அந்த ஊசித் துளைகளின் வழியே, தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி, துணி பின்பக்கம் முழுக்கப் பிளந்துகொண்டது.

அது பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, மாசி முகூர்த்தம். கரோல் பாகிலிருந்து கார் சீட் தைக்கிற சர்தார்ஜி வந்து பார்த்தார். கிழிசலுக்குள் கையை விட்டு, விரல்களை வெளியே நீட்டி ஆட்டிக் காட்டினார். “மாஜி, யே கயா, போச்சு. புதுசு போடணும். ஒரு மாசம்” என்று பாதித் தமிழும் பாதி இந்தியுமாகச் சொன்னார். நம் வீடுகளுக்குப் போய்வந்து பழகிய தமிழ். கல்யாணத்துக்கு அத்தனை நாள் இல்லை. அவர் போன பிறகு மாமி, “நாமளே தெச்சுடலாம்டா” என்றார்.

“ஜானவாசத்துக்கு எப்படியும் மடிச்சுத்தான வைக்கப் போறோம் மாமி? கிழிஞ்சா என்ன, தெரியாதே” என்றேன்.

“எனக்கு ஜானவாசத்துக்கு வேண்டாம். மறுநாளைக்கு வேணும்” என்றார். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவன் நான்.

முதலில் தப்பாகத்தான் செய்தோம். ஹூட்டைப் பாதி மடித்து, துணியைச் சீட்டின் மேல் தளர்வாகப் பரப்பி, வெயிலில் சுகமாக உட்கார்ந்து இரண்டு விளிம்பையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தோம். ரவிக்கைக் கிழிசலைத் தைப்பதுபோல அழகான தையல். பிறகு தூக்கி மாட்டினால், முன் கண்ணாடிச் சட்டத்தின் கொக்கிக்கு ஒரு கையகலம் எட்டவில்லை. நான் பலமாக இழுத்தேன். தையல் தாங்கியது, பக்கத்தில் புதிதாகக் கிழிந்தது. மாமி தலையில் கைவைத்துக்கொண்டு காரின் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷமாக நாங்கள் அந்த ஹூட்டை மடித்தே பார்த்தவர்கள். அதைக் கூரையாக நினைக்கவே இல்லை, மாலை போடுகிற ஒரு துணி என்றுதான் மனதில் இருந்திருக்கிறது. கூரையை மாட்டி, இழுத்து, அது எப்படி நிற்கவேண்டுமோ அப்படி நிற்கவைத்துத்தான் தைக்கவேண்டும் என்பது அந்த இரண்டாவது கிழிசலில்தான் புரிந்தது.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். மாமியின் வீட்டுக்காரர் ரயிலுக்குப் படுக்கையைச் சுருட்டி எடுத்துப்போகும் கான்வாஸ் ஹோல்டால் ஒன்று பரணில் கிடந்தது. மாமி அதை இறக்கி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்து, பிறகு கத்தரிக்கோலைப் போட்டார். அதுதான் ஒட்டுத்துணி. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, சைக்கிள் பஞ்சருக்குப் போடும் சொல்யூஷனைத் தடவி ஒட்டினோம். ஹூட் விறைப்பாக மேலே நின்றது. நான் காருக்குள் சீட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு கோணி ஊசியை மேலே குத்துவேன். மாமி வெளியே நின்று அதை வாங்கி, நூலை இழுத்து, திருப்பிக் கீழே குத்துவார். நூல் முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்திருந்தோம், தண்ணீர் இறங்காமல் இருக்க. ஊசி எங்கே வரும் என்று தெரியாமல் இரண்டு பேர் விரலிலும் ரத்தம். நடுவில் துணி. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு மாமி பேசினார்.

“ஏன்டா, ஹூட் போட்டிருந்தா யார் ஓட்டறான்னு ரோட்டுல போறவாளுக்குத் தெரியுமோ?”

“அவ்வளவாத் தெரியாது மாமி.”

“கன்னிகாதானம் அவ பெரியப்பா பண்ணிக் குடுக்கறார். ஊஞ்சலுக்கு அத்தை. ஆரத்திக்கு யாரோ. நான் பந்தி விசாரிக்கலாம். சரி, போகட்டும். புக்காத்துக்கு அவளக் கொண்டு விடறது மட்டும் நான் பண்றேன். ஹூட்டுக்குள்ள உக்காந்துண்டு ஓட்டினா எந்த சகுனம் என்னைப் பாக்கப் போறது?”

ஊசியை மேலே குத்தினேன். கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக வெளியே போயிற்று.

தைத்து முடித்ததும் பெண் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஹூட்டின் மேல் கொட்டினாள். சோதனைக்காக நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன். என் மூக்கின் மேல் சரியாக ஒரு சொட்டு. “அண்ணாக்குக் குளியல் ஆச்சு!” என்று அவள் கைதட்டினாள். மாமி அந்தத் துளையைத் தேடிப்பிடித்து மெழுகு வைத்து அடைத்தார். “அம்மா, பஸ் கரோ, போதும், இது கார், கப்பல் இல்ல” என்றாள் பெண். “நீதான ஓட்டப்போற? பிராமிஸ்?” என்று அவளேதான் கேட்டாள். மாமி சிரித்ததை அன்றைக்குத்தான் கடைசியாக அப்படிப் பார்த்தேன்.

ஜானவாசத்தன்று மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஊசி குத்தக்கூடாது, பூவை நூலால் கட்டவேண்டும். செயலாளர் மாமா, “என்ன மாமி, குத்தினா காருக்கு ரத்தமா வரும்?” என்று நாலு பேர் எதிரில் கேலி செய்தார். “வரும். மழை நாள்ல வந்து பாருங்கோ” என்றார் மாமி.

மறுநாள் முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. மத்தியானம் புறப்படும் நேரத்தில் வானம் மூடிக்கொண்டு வந்தது. ஹூட்டை நான் இழுத்து மாட்டிவிட்டேன். மாமி சாம்பல் நிறப் புடவையில் வந்து, யாரையும் பார்க்காமல், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் ஏறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஏதோ பழத்தட்டைக் கொடுக்கக் குனிந்தவர், முன்பக்கம் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார், “டிரைவர் வரலையா?” என்று.

அவ்வளவுதான். பெரியப்பா ஓடிவந்து, “ஏம்மா, நல்ல நேரத்துல எதுக்கு இதெல்லாம்? எறங்கு. அவன்தான் இருக்கானே” என்று என்னைக் காட்டினார். மாமி அவரைப் பார்க்கவில்லை. பின்னால் பார்க்கும் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பெண்ணின் முகம் தெரிந்திருக்கும். பெண் தலையைக் குனிந்து மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மாமி எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருந்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, சாவியை என் கையில் வைத்தார். சாவி சூடாக இருந்தது.

நான் ஓட்டினேன். பூசா ரோடு வரும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஹூட்டின் மேல் படபடவென்று அடித்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். மேலே பார்த்து, “அட, தையல் நன்னா இருக்கே. எங்க குடுத்தேள்?” என்றார். “அம்மா பண்ணினா” என்றாள் பெண். வழி முழுக்க அவள் பேசினது அது ஒன்றுதான்.

அடுத்த தை மாதம் செயலாளர் மாமா வழக்கம்போல வந்தார். மாமி காபி கொடுத்து, “வண்டி தரேன். ஆனா நான்தான் ஓட்டுவேன். சம்மதம்னா சொல்லுங்கோ” என்றார். குரலை உயர்த்தவில்லை. மாமா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகப் போனார். பிறகு அவரும் வரவில்லை, வேறு யாரும் வரவில்லை. மாமி அந்தக் காரில் ஆபீசுக்குப் போனார், மளிகைக்குப் போனார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போது விற்றுவிட்டார். பெண்ணிடம் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேரன் பிறந்தான், போக்குவரத்து எல்லாம் இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

மாமி போன வருஷம் காலமானார். வீட்டைக் காலி செய்ய வந்த பெண் என்னிடம் கேட்டாள்: “அண்ணா, அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிருந்தா அம்மா எறங்கிருக்க மாட்டா, இல்ல?” நான் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். கயிற்றை இறுக்கிக்கொண்டே நின்றேன். எனக்குப் பதில் எப்போதும் மறுநாள்தான் வரும். இந்தத் தடவை ஒரு வருஷம் ஆகிவிட்டது. டெல்லியில் பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என் கையெழுத்தில் இன்னும் சிரமம். ஆனாலும் எழுதுகிறேன்.

இறங்கியிருக்க மாட்டார் அம்மா. அது உண்மைதான். உனக்குத் தெரிந்ததை நான் மறைத்து என்ன ஆகப்போகிறது? உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது.

அன்றைக்கு உங்களை விட்டுவிட்டு நான் காரைத் திருப்பிக் கொண்டுவந்தபோது இன்னும் தூறிக்கொண்டிருந்தது. மாமி வராந்தாவில் நின்றிருந்தார். நீ அழுதாயா, அவர்கள் என்ன சொன்னார்கள், ஆரத்தி யார் எடுத்தது, எதுவும் கேட்கவில்லை. நனைந்துகொண்டே படி இறங்கி வந்து, பின் கதவைத் திறந்து, தையலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

“உள்ள சொட்டித்தாடா?”

“இல்ல மாமி.”

“அவ ஒக்காந்திருந்த பக்கம்?”

“அங்கயும் இல்ல மாமி. ஒரு சொட்டுகூட விழல.”

“அப்போ சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எழுதி முடித்தது: ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, 1989. சாணக்யபுரி.