லவினாவின் கறுப்புப் பொடி

ஆண்டர்சன்பேட்டை லவினாவின் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வீணாகாது. அரிசி களைந்த தண்ணீரில் கீரை அலசுவாள், அந்தத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போகும். குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாத ஊரில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய், ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். வேதிவினையை விரைவுபடுத்தும் ஒரு கறுப்புப் பொடியை அங்கே கொண்டுவந்தது அவள்தான். கண்ணுக்குத் தெரியாத இரும்பு ஆக்சைடு துகள்கள், மேலே துளி பல்லேடியம் என்ற உலோகம். வினை முடிந்ததும் குடுவையின் ஓரத்தில் காந்தத்தை வைத்தால் பொடி முழுக்க அங்கே ஒட்டிக்கொள்ளும். கரைசலை வடித்துவிட்டு, பொடியைக் கழுவித் திரும்பப் போடலாம். குப்பையென்று எதுவும் இல்லை. அதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

ஆனால் சில தடவைகளுக்குப் பிறகு கிடைக்கும் மருந்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. மேலாளர் ஆர்தர் பொறுமை இழந்தார்.

"திங்கக்கெழம வரைக்கும் பாருங்க லவினா. சரியாகலன்னா பழைய முறைக்கே போயிடலாம்."

"பொடி நல்ல பொடி சார்," என்றாள். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

ஞாயிறன்று சர்ச்சிலிருந்து வந்ததும் கணவன் டென்சில் காபி கொடுத்தான். ஒரு வாய் குடித்து முகம் சுளித்தாள்.

"இன்னா டென்சில், டம்ளர்ல சோப்பு நாத்தம் அடிக்குது?"

"நீதான ஒரே பக்கெட் தண்ணில எல்லாத்தையும் அலசச் சொன்ன? கடைசி டம்ளர் அப்டித்தான் இருக்கும்."

லவினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்திலும் அவள் செய்தது அதைத்தான். பொடியைக் கழுவிய எத்தனாலைக் கொட்ட மனமில்லாமல் எடுத்துவைத்து, அடுத்த தடவையும் அதிலேயே கழுவினாள். அழுக்கு பொடியின் மேலேயே படிந்துகொண்டிருந்தது.

திங்களன்று அதே பொடியைப் புது எத்தனாலில் தாராளமாகக் கழுவினாள். கை கூசத்தான் செய்தது. ஆனால் மருந்து ஆரம்பத்தில் கிடைத்த அளவுக்கே திரும்பக் கிடைத்தது.

"தப்பு பொடியில இல்ல சார், என் கையில," என்று ஆர்தரிடம் பளிச்சென்று சொன்னாள். "கழுவின எத்தனாலக் காய்ச்சி வடிச்சா சுத்தமா திரும்பி வந்துடும். அதுவும் வீணாவாது."

பழைய முறையைப் பற்றி அவர் அப்புறம் பேச்செடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டம்ளரை இரண்டு சொம்புத் தண்ணீரில் அலசினாள். டென்சில் வாயைப் பிளந்தான்.

"இன்னாம்மா, ஒரு டம்ளருக்கு இவ்ளோ தண்ணியா?"

"கழுவறதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது," என்று சொல்லிவிட்டு, அலசிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.