விசா மாடனும் ஸ்டெல்லாவின் பெஞ்சும்

போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு ஸ்டெல்லாவைத் தெரியும். என் மனைவி. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். போகாவிட்டால் என்ன ஆகும்? அதை நான் எழுத வேண்டியதில்லை.

“ஊசி குத்தியத தாங்கிருவேன். அந்த நிப்பு தாங்க முடியல்ல” என்றாள்.

நிப்பு என்றால், பஸ்ஸுக்கு நிற்பது.

டயாலிசிஸ் முடிந்தால் தலை சுற்றும். கால் தளரும். எங்கள் வீடு ஆரல்வாய்மொழியில். அவ்வளவு தூரம் ஆட்டோ பிடிக்க நமக்கு ஆகாது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வரும்போது வரும். அதுவரைக்கும் உட்கார ஆஸ்பத்திரிக்கு எதிர் ஸ்டாப்பில் ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்தது. யாரோ செத்துப்போன அப்பா பேரில் போட்டது. ஒரு ஓரம் உடைந்தது. அதில் ஸ்டெல்லா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள்.

பிறகு டிசைன் விழா வந்தது.

வருஷா வருஷம் வருவதுதான். ஊர் முழுக்க நடக்கும். முதல் வருஷம் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்தார்கள். அடுத்த வருஷம் வேப்பமூடு ஜங்ஷனில் ஓலைக் குடைகளைத் தொங்கவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. ஸ்டெல்லாகூட அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

இந்த வருஷம் பஸ் ஸ்டாப்புகளின் முறை.

ஒரு திங்கட்கிழமை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருகிறோம்... பெஞ்ச் இல்லை. அந்த இடத்தில் ஒரு தூண். ஆள் உயரம். அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. பக்கத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண். வெளியூர்ப் பிள்ளை. நல்ல பிள்ளை.

“அங்கிள், இது ஒரு டிசைன். ஓடிட்டே இருக்கிற மனுஷன் ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும். அதுக்குத்தான்.”

“நிக்கதுக்குத்தான் மக்களே இவளுக்கு முடியல்ல.”

அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. விழா முடிந்ததும் பெஞ்ச் திரும்ப வந்துவிடும் என்றாள். நம்பினேன். அவளும் நம்பித்தான் சொன்னாள்.

அடுத்த முறை வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுபோனேன். தூணுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு உள்ளே போனோம். வெளியே வந்தபோது அதையும் காணோம். போட்டோவில் சிவப்பு ஸ்டூல் இடிக்கிறது என்று யாரோ எடுத்து ஓரமாக வைத்தார்களாம். ஓரத்தில் வைத்தது ஊரில் நிற்குமா?

சரி, விழா முடியட்டும் என்று பொறுத்தோம்.

ஆனால் ஒன்றை விழாக்காரர்கள் யோசிக்கவில்லை. அடி அகலம், தலை ஒடுக்கம், வெள்ளைப் பூச்சு... எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாடன் சாமிக்குப் பூடம். சிலை கிடையாது, முகம் கிடையாது. அந்தத் தூண்தான் சாமி.

தோவாளையிலிருந்து பூக்கூடையோடு வருகிற ஒரு அம்மாவை அந்த ஸ்டாப்பில் அடிக்கடி பார்ப்பேன். அவள்தான் முதலில் ஒரு செவ்வரளி மாலையைப் போட்டாள்.

“எக்கா, அது சாமி இல்ல. விழாவுக்கு வச்சது” என்றாள் ஸ்டெல்லா.

“விழா இல்லாம சாமி உண்டா? நீங்க வேதக்காரங்க, ஒங்களுக்குத் தெரியாது. சும்மா கடந்து போவப்பிடாது.”

அந்த வாரமே அவள் மகனுக்கு சவுதி விசா வந்துவிட்டது.

அப்புறம் சொல்ல வேண்டுமா? குங்குமம் வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது. பாஸ்போர்ட்டைத் தூணில் ஒற்றி எடுக்கிற பையன்கள் வந்தார்கள். பேரும் வந்துவிட்டது. விசா மாடன்.

விழா முடிந்து தூணை எடுக்க லாரி வந்தபோது ஸ்டாப் நிறையக் கூட்டம்.

“தொட்டுப் பாருல, கை இருக்கா பாப்போம்” என்று ஒருவர் டிரைவரிடம் கேட்டார்.

டிரைவர் தொடவில்லை. கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நான் கார்ப்பரேஷன் ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கே இருந்தவர் எழுந்து நாற்காலி போட்டார். மரியாதைக்காரர்.

“எடுத்தா சண்டை வரும் அண்ணாச்சி. எனக்க தலைதான் உருளும்.”

“எடுக்காண்டாம். பெஞ்ச பக்கத்துல போடுங்க.”

“ஒரு பக்கம் ஓடை. மத்தப் பக்கம் பந்தல் போட்டுட்டாங்க. சாமிக்கு முன்னால போட்டா, கால நீட்டி இருக்கான்னு அடுத்த பிரச்சினை வரும். எங்க போட, நீங்களே சொல்லுங்க.”

பழைய பெஞ்ச் எங்கே என்று கேட்டேன். தூக்கும்போதே இரண்டாகிவிட்டதாம்.

யாரைக் குறை சொல்ல? அந்தப் பிள்ளை கெட்டவள் இல்லை. பூக்கார அம்மாவும் இல்லை. ஆபீஸ்காரரும் இல்லை. எல்லோரும் நல்லவர்கள். ஸ்டெல்லாவுக்கு மட்டும் உட்கார இடம் இல்லை.

போன திங்கட்கிழமை அவளால் முடியவே இல்லை. தூணடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கும்பிட வந்த ஒருத்தி, “செருப்ப கழத்திட்டு இருங்கம்மா. சாமி இருக்கிய இடம்லா” என்றாள். சத்தம் போடவில்லை, பதமாகத்தான் சொன்னாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து எழுந்தாள். பஸ் வரும்வரை நின்றாள்.

அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமை. வர மாட்டேன் என்றாள்.

கெஞ்சினேன். “ஏட்டி, வா. நான் தாங்கிப் பிடிச்சுக்கிடுகேன்.”

“ஒங்களுக்கே முட்டு வலி. ஒங்கள ஆரு தாங்குவா?” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் முகமும் காலும் வீங்கியிருந்தன. மூச்சு இழுத்தது. தங்கச்சி மகன் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். இனி ஒரு முறையும் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு ஸ்டாப்புக்கு வந்தேன். கூட்டம் இல்லை. செவ்வரளி வாடிக் கிடந்தது. நான் வேதக்காரன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வார்த்தை கேட்டேன்.

“கொஞ்சம் தள்ளி நில்லும் மாடா... எனக்க வீட்டுக்காரி இருக்கணும்.”