நானுஓயாவில் விற்பனைக்கு இருந்த பைக்

அம்மா இறந்த பிறகு ஆறு மாதம் அந்த ஸ்கூட்டரை ஓட்டிப் பார்த்தேன். முடியவில்லை. அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போகத்தான் அதை வாங்கியிருந்தேன். நான்கு வருடமும் பின்னால் அம்மாவின் எடையோடு ஓட்டிப் பழகிய கை. தனியாகப் போகும்போது ஏற்றத்தில் வண்டி தேவைக்கு மேல் பாய்ந்தது. பிரேக் பிடித்தால் நினைத்த இடத்துக்கு முன்னாலேயே நின்றது. கடைசியில் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருத்திக்கு அதைக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பத்துமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. பஜாரில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. தம்பி கத்தாரில் இருக்கிறான்; வெள்ளிக்கிழமைகளில் போன் பண்ணுவான். வெள்ளி மத்தியானம் பள்ளிக்கூட மணி அடித்தால் திங்கள் காலை வரைக்கும் நான் பேசுவது அவனிடமும் கீழே கடைக்காரரிடமும்தான். கடைக்காரரிடம் பேச என்ன இருக்கிறது? அரை கிலோ பருப்பு, ஒரு தேங்காய்.

ஒரு சனிக்கிழமை தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு எதிரில் ஒரு பைக் வந்து நின்றது. தாழ்வான, நீளமான வண்டி. ஹேண்டில் இரண்டு பக்கமும் அகலமாக விரிந்திருந்தது. ஓட்டி வந்தவர் கால்களை முன்னால் நீட்டி, சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டார். அது போகும்போதுதான் கவனித்தேன், அதற்குப் பின் சீட்டே இல்லை. ஒருவருக்காக மட்டுமே செய்த வண்டியும் உண்டு என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த மாதிரி வண்டிக்குப் பெயர் க்ரூசர் என்பதைப் போனில் தேடித் தெரிந்துகொண்டேன். சீட் தாழ்வாக இருப்பதால் என் உயரத்துக்குக் கால் எட்டும் என்பதையும். தம்பியிடம் சொன்னேன்.

"அக்கா, அது பெரிய பைக்குக்கா. ஸ்கூட்டி ஒன்னு வாங்கிக்கங்களேன்."

"ஸ்கூட்டி வேணாம்."

"அதுல எங்க போகப் போறீங்க?"

 கரண்ட் பில் கட்டியாச்சா என்று அவனே பேச்சை மாற்றினான்.

வெளிநாட்டிலிருந்து வாகனங்கள் வராமல் நின்றுபோயிருந்த காலம் அது. பழைய வண்டிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. நான் முதலில் போனது நுவரெலியாவில் பழைய வாகனங்கள் விற்கும் ஒரு சேலுக்கு. வெள்ளை வேன்களுக்கு நடுவில் ஒரு க்ரூசர் நின்றது. அங்கே இருந்தவர் நல்ல மனிதர்தான், உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார்.

"சார் பின்னால வர்றாங்களா டீச்சர்?"

"சார் யாரும் இல்ல. எனக்குத்தான் பாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றிய எல்லாவற்றையும் என்னைக் கூட்டி வந்த ஆட்டோக்காரரைப் பார்த்தே சொன்னார். ஆட்டோக்காரரும் எல்லாம் தெரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் வண்டியில் உட்கார்ந்து பார்க்காமலேயே திரும்பினேன்.

இரண்டாவது ஹட்டனில். விளம்பரத்தில் புது வண்டிபோல மின்னியது. நேரிலும் மின்னியது. நான் குனிந்து வண்டியில் அடித்திருந்த செசி நம்பரைப் படித்து, பதிவுப் புக்கில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு இலக்கம் வேறு. விற்க வந்த பையனிடம் காட்டினேன். அவன் புக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "பெரியண்ணன கேட்டுட்டு கூப்பிடுறேன்" என்றான். கூப்பிடவில்லை.

மூன்றாவதுதான் நானுஓயா.

ஸ்டேஷனுக்கு மேலே, கேரட் பாத்திகளுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. விளம்பரம் போட்டிருந்தவர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மலையகத்து ஸ்டேஷன்களிலேயே காலத்தைக் கழித்தவர் என்பதால் நம் தமிழை நன்றாகவே பேசினார். கேட்டைத் திறந்ததும் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை. "மழையில நனைஞ்சிட்டீங்களே" என்றுதான் சொன்னார்.

பைக் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. கறுப்பு. டேங்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஒற்றை சீட். சுவரோரம் ஒரு பலகையின்மேல் துணியால் சுற்றி ஏதோ வைத்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்து அவரே துணியை விலக்கினார். பின் சீட்.

"எங்க நோனா, என் சம்சாரம், இதுலதான் வருவாங்க. கதிர்காமம் வரைக்கும் போயிருக்கோம். அவங்க போன பிறகு கழட்டிட்டேன்."

நான் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் தனியாக ஓட்ட எப்படி மாறிப்போனது என்று சொன்னபோது அவர், "ஆமா, முன்னாடி தூக்கும்" என்றார். அவ்வளவுதான். வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருந்தால் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

உள்ளே கூட்டிப் போய் தேநீர் போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் டின்னைத் திறந்து வைத்தார். இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேட்டரி இறங்கிப்போயிருக்கிறது, சார்ஜ் பண்ணி வைக்கிறேன், அடுத்த ஞாயிறு வாங்க டீச்சர், ஓட்டிப் பார்க்கலாம் என்றார்.

அடுத்த ஞாயிறு வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆழமான, நிதானமான சத்தம். ஆனால் புக் குருநாகலையில் மகளிடம் இருக்கிறதாம். புக் இல்லாமல் ரோட்டுக்கு எடுக்க வேண்டாம் என்றார். எனக்கு ஏமாற்றமாக இல்லை. அன்றும் தேநீர், பிஸ்கட். பனிமூட்டத்தில் ரயில்கள் மணிக்கணக்காக நின்றுபோன கதைகள். பஸ்ஸில் திரும்பும்போது, அந்த வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் காத்திருந்தேன் என்பது எனக்கே உறைத்தது.

மூன்றாவது ஞாயிறு நான் போனபோது கேட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்துகொண்டிருந்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல்காரர் என்று பேச்சில் தெரிந்தது.

"பைக் பாக்கவா வர்றீங்க?"

"ஆமா."

"எத்தனையாவது தடவை?"

"மூனாவது."

"எனக்கு நாலாவது. அந்த மனுசன் விக்க மாட்டார்ங்க. எனக்குத் தெரிஞ்சே இன்னும் ரெண்டு பேரு வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்காங்க. ஒரு தடவை பேட்டரி, ஒரு தடவை புக்கு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. "இன்னைக்கு லீவு. பஸ் பிடிச்சி வந்தேன். சரி, போயிட்டு வர்றேன்."

நான் கேட்டைப் பிடித்தபடி நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்பதால் மட்டுமில்லை. அந்தத் தேநீரும் கதைகளும் எனக்கென்று வைத்திருந்தவை என்று நினைத்திருந்தேன். வருகிற எல்லோருக்கும் அதே டின் திறக்கப்பட்டிருக்கிறது.

உள்ளே போனேன். மேசையில் அந்தச் சமையல்காரர் குடித்த கோப்பை இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது.

"அங்கிள், இந்த பைக்க நீங்க விக்கப் போறீங்களா, இல்லையா?"

அவர் எழுந்தார். கோப்பையை எடுத்துப் போய்க் கழுவினார். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"முதல்ல விக்கத்தான் போட்டேன் டீச்சர். முதல் ஆள் வந்தாரு, பேசுனாரு. அவரு போன பிறகு நினைச்சேன், வித்துட்டா நாளைக்கு யாரு இந்த கேட்டைத் திறப்பான்னு. மகள் அங்க வரச் சொல்றா. அவ வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. இங்க போன் அடிக்குது. எந்த வருஷம், எவ்வளவு ஓடியிருக்குன்னு கேக்குறாங்க. வர்றாங்க."

 ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி, வாங்க முடியாத வண்டியைப் பார்க்க மூன்று முறை வந்தவள் நான். பேட்டரி என்றபோதும் புக் என்றபோதும் ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. செசி நம்பரைக் குனிந்து பார்த்தவளுக்கு இது மட்டும் தெரியாமலா போயிருக்கும்?

அவர் அலமாரியைத் திறந்து புக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் சாவி. "ஓட்டிப் பாருங்க" என்றார்.

ராதெல்லைப் பக்கம் ஓட்டினேன். மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. தாழ்வான சீட்டில் உட்கார்ந்தால் தேயிலைச் செடிகள் தோள் உயரத்துக்கு வருகின்றன. தம்பியின் பழைய பைக்கில் எப்போதோ பழகிய கியர்தான்; மாற்றும்போது வண்டி அவசரப்படுத்தவில்லை. அவர் கொடுத்த ஹெல்மெட்டுக்குள் நான் சத்தமாக ஏதோ பேசிக்கொண்டு போனேன், அம்மாவிடமா, என்னிடமா தெரியாது. அழுதேன் என்பது கண்ணாடி மங்கியபோதுதான் தெரிந்தது. ஒரு கோயில் வளைவில் திரும்பி வந்தேன்.

அவர் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். சட்டையை மாற்றியிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வண்டியை வழியனுப்பத் தயாராகியிருக்கிறார் என்று புரிந்தது.

"எப்படி?"

"நல்லா இருக்கு. நீங்க விக்காதீங்க அங்கிள்."

நான் சாவியை அவரிடம் நீட்டினேன்.

"ஆனா விளம்பரத்த எடுத்துருங்க. பாவம், ஒவ்வொருத்தரும் லீவு போட்டு, பஸ் ஏறி வர்றாங்க."

"நீங்க வருவீங்களா?"

"வருவேன்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

அந்த வாரமே விளம்பரம் காணாமல் போனது. நானும் போகவில்லை. தவணைப் பரீட்சை வந்தது, விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது, பிறகு தொடர்ந்து மழை. இவை எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனாலும் வாங்குவதற்கு எதுவும் இல்லாமல் ஒரு வீட்டுக்கு எப்படிப் போவது என்ற தயக்கம் அவற்றைவிடப் பெரியது. போன் பண்ணலாம் என்று இரண்டு முறை நம்பரை எடுத்து, பண்ணாமல் வைத்தேன்.

மூன்று மாதம் கழித்து தலவாக்கலையில் ஒரு கராஜ்காரர் மூலம் மெரூன் நிறத்தில் ஒரு க்ரூசர் கிடைத்தது. டேங்கில் சின்ன நசுங்கல், சைலன்சரில் கொஞ்சம் துரு. நம்பர்கள் ஒத்துப்போயின. வாங்கிவிட்டேன். முதல் ஞாயிறே நானுஓயாவுக்கு விட்டேன். வழியில் பேக்கரியில் நிறுத்தி ஒரு பெரிய கேக் வாங்கி பையில் வைத்துக்கொண்டேன்.

கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஹார்ன் அடித்தேன். கேரட் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியவரு மக வீட்டுக்குப் போயிட்டாருங்க. ஒரு மாசம் இருக்கும். பைக்கையும் லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. நீங்க பைக் பாக்க வந்தீங்களா?"

"இல்லைங்க, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அங்கேயே நின்று போன் பண்ணினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அங்கிள், நான் டீச்சர். பைக் வாங்கிட்டேன்."

"அட. எந்த வருஷம்? எவ்வளவு ஓடியிருக்கு?"

எல்லாம் சொன்னேன். கிளச் இறுக்கமாக இருக்கிறது என்றேன். கேட்டுக்கொண்டார். பின்னால் டிவி சத்தமும், ஒரு குழந்தை 'சீயா, சீயா' என்று தாத்தாவைக் கூப்பிடுவதும் கேட்டது.

"எங்க நிக்கிறீங்க இப்ப?" என்றார்.

"உங்க கேட்டுக்கு முன்னால."

டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு, "அங்க குளிரா?" என்றார்.

"லேசா தூறுது."

"பாத்துப் போங்க டீச்சர். இங்க சாப்பிடக் கூப்பிடுறாங்க."

அந்த அம்மா மறுபடி குனிந்து களை பிடுங்க ஆரம்பித்திருந்தார். கேக்கை அவரிடம் கொடுத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். யாருக்கு என்று கேட்கவில்லை. பிறகு எந்தப் பக்கம் போவது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். நுவரெலியா பக்கமே திருப்பினேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, வேலியோரம் நிறுத்தி அவித்த சோளம் ஒன்று தின்றேன். குடும்பம் குடும்பமாகப் படகுக்கு வரிசையில் நின்றார்கள். தூறல் வலுப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அக்கரப்பத்தனைக்குத் திரும்பினேன். வழி முழுவதும் வண்டி நன்றாக ஓடியது.