சத்தம் வராத ஒரு சோதனை

போன வருடம் தீபாவளிக்கு முந்தின நாள், செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது.

நான் வெளியூரில் ஒரு வெடிபொருள் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். மூன்று வயது மகள் செஞ்சியில் கணவரிடம் வளர்கிறாள். போனை ஆய்வுக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், பகலில் அவள் குரலைக்கூடக் கேட்க முடியாது. இரண்டு மாதம் கழித்து ஐந்து நாள் லீவு கிடைத்திருந்தது.

என் வேலை இதுதான்: பிளாஸ்டிக் மாதிரியான பசையில் பிணைத்த வெடிமருந்தில் துளி எடுத்து வைத்து, அதன்மேல் எடையை விழவிடுவோம். வெடித்தால் அடுத்த முறை உயரத்தைக் குறைப்போம், வெடிக்காவிட்டால் கூட்டுவோம். எந்த உயரத்தில் வெடிக்கிறது என்று நாங்கள் எழுதுவதை நம்பித்தான் மற்றவர்கள் அந்த மருந்தைக் கையில் எடுப்பார்கள்.

அன்று கணவர் சுருள் கேப் வெடியைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார். மகள் என் மடியில் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒன்று மட்டும் சத்தம் போடவில்லை.

“நைனா, இது வெடிக்கல!”

“யாரு சொன்னது? கருகிடுச்சு பாரு. உங்கம்மா ஊருக்குப் போற மாதிரி, சத்தமில்லாம போயிட்டுது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. லீவில் செஞ்சிக்குக் கிளம்பிய அன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனையில் சத்தமே வரவில்லை. ஆனால் எடை விழுந்த இடத்தில் ஒரு கருப்புக் கறை இருந்தது. கறை இருந்தால் வெடித்ததாகத்தான் எழுத வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ‘இல்லை’ என்று எழுதித் துடைத்துவிட்டேன். அது கறையா, பழைய அழுக்கா? தீபாவளிக்கு மறுநாள் அறிக்கை போய்விடும். சொன்னால் லீவு போய்விடும்.

ஒரு மணி நேரம் தவித்துவிட்டு, கூட வேலை செய்யும் அக்காவுக்கு போன் செய்தேன்.

“கறையா, இல்லையா? சரியா சொல்லு.”

“தெரியலக்கா.”

“தெரியலன்னா வந்துடு. நீ எழுதினதை நீதான் திரும்பச் செய்யணும்.”

“இன்னாம்மா இது, நேத்துதான வந்தே?” என்றார் கணவர். ஆனாலும் தீபாவளி அன்று மதியம் அவரே என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். புதுப் பாவாடையோடு மகளும் வந்தாள். அவள் அழவில்லை. அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்தபோது, நான் எழுதியிருந்ததைவிடக் குறைந்த உயரத்திலேயே வெடித்தது. அறிக்கையைத் திருத்தினோம். யாரும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

அந்த மருந்தைத் தொடுகிறவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தை காத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும், அவளிடம் சீக்கிரம் போய்ச்சேர நான் பட்ட அவசரம்தான் அவளோடு இருந்திருக்க வேண்டிய நாட்களைப் பறித்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், அந்த நாட்களுக்காக மனம் இன்னும் ஏங்குகிறது.